கண்டியின் குற்றம் எங்கே குடியிருக்கிறது?

கண்டியில் குடு, அதாவது ஹெரோயின் தூள், பிடிபட்டது என்று செய்தி வந்தால், எந்த இடம் என்று கேட்க ஆளிருக்காது. ஊர்வாய் முந்திக்கொண்டு சொல்லிவிடும்: மஹியாவை, தெய்யன்னேவெல, இல்லாவிட்டால் மெத எல கால்வாயோரம். மில்லிகிராம் கணக்கில் சில பொட்டலங்கள், கைவிலங்கோடு ஒரு இளைஞன், நீதவான் முன்னிலையில் ஆஜர், விளக்கமறியல். செய்தி அதோடு முடிகிறது. நகரம் மறுபடி தன் படத்துக்குள் போய்விடுகிறது: ஏரி, தலதா மாளிகையின் எண்கோண மண்டபம், மதில்மேல் மேக வளைவுகள், ஆடி மாதத்து யானைகள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று முத்திரை குத்திய படம் அது.

கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இந்த நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த பெருங்குற்றங்கள் எங்கெங்கே நடந்தன என்று எழுதிப் பார்த்தால் வேறொரு விலாசப் புத்தகம் கிடைக்கும். 1915 மே மாதம், காசல் ஹில் வீதி. 1983 ஜூலை, பேராதனை வீதி. 1989 ஒக்டோபர், பல்கலைக்கழக வளாகம். 2018 மார்ச், திகன. மஹியாவை அந்தப் பட்டியலில் இல்லை, கால்வாயோரமும் இல்லை. எல்லாம் பெரிய வீதிகள், படித்தவர்கள் நடமாடும் இடங்கள், கடைத்தெருக்கள். கண்டி தன் குற்றத்துக்கென்று ஒரு விலாசம் வைத்திருக்கிறது. அந்த விலாசம் பிழையானது. அதை எழுதிய கைகளைத் தேடினால் இருநூறு ஆண்டுகள் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். வயலாக இருந்த பள்ளத்தை அணைகட்டி மறித்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏரியை உண்டாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்தவன், கண்டியின் கடைசி அரசன். வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. மண் சுமந்தவர்கள் ராஜகாரியக் கடமைக்காகக் கிராமங்களிலிருந்து இழுத்துவரப்பட்ட குடிகள். கூலி கிடையாது, மறுப்புக்கு இடமும் கிடையாது. மறுத்தவர்களை அந்த ஏரிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. கதையில் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். அந்தக் கதை பிறக்குமளவுக்கு வெறுப்பு இருந்தது உண்மை. 1815 மார்ச் 2ஆம் திகதி பிரதானிகள் தேசத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டபோது அரசனுக்காகக் குடிகள் திரளவில்லை. அவன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஏரி நின்றது. அரசன் பெயரும் சிற்பி பெயரும் நின்றன. மண் சுமந்தவரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

புதிய ஆட்சியாளர்கள் ராஜகாரியத்தைக் கொடுமை என்று எழுதினார்கள். எழுதிக்கொண்டே அதைப் பயன்படுத்தினார்கள். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டது அதே கட்டாய உழைப்பில்தான். கோல்புரூக் ஆணைக்குழுவின் சிபாரிசுக்குப் பிறகு 1830களின் தொடக்கத்தில் ராஜகாரியம் ஒழிந்தது. அதற்குள் கம்பளையிலும் பேராதனையை அடுத்த கன்னொருவையிலும் கோப்பி வேரூன்றிவிட்டது. கட்டாயக் குடிகள் இல்லாத இடத்துக்குக் கடல் தாண்டிக் கூலிகள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, காய்ச்சலிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் பாதையோரம் விழுந்த தமிழர்கள் அவர்கள். எஞ்சியவர்களின் வியர்வையில் கண்டி ஒரு துரைமார் நகரமாயிற்று.

இந்தக் காலத்துச் சட்டங்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமை என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தவனிடம் உறுதி எங்கே இருக்கும்? அவன் நிலம் ஏலத்துக்குப் போய்த் தோட்டமாயிற்று. அடுத்த ஆண்டு, 1841இல், அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வந்தது. பிச்சை எடுப்பவர், வேலையின்றித் திரிபவர், தெருவில் நிற்கும் பெண் எல்லோரையும் அது மூன்று தரமாகப் பிரித்தது: ஒழுங்கற்ற சோம்பேறி, போக்கிரி, திருத்த முடியாத போக்கிரி. முந்திய ஆண்டு ஒருவனை நிலத்திலிருந்து இறக்கிய அரசு, மறு ஆண்டு அவன் தெருவில் நிற்பதைக் குற்றமாக்கியது. இரண்டும் ஒரே சதியின் இரு பாதிகள் என்று நிறுவத் தேவையில்லை. ஒரே ஆட்சி மனத்திலிருந்து வந்தவை என்பதே போதும். சோல்பரி யாப்பு போய்விட்டது, 1972இன் யாப்பும் போய்விட்டது. 1841இன் அந்தச் சட்டம் மட்டும் சுதந்திர இலங்கையின் பொலிஸ் கையிலும் பல தசாப்தங்கள் வசதியான ஆயுதமாக இருந்து வந்திருக்கிறது.

நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டு, வீதி போட உழைப்பையும் அரசு கேட்ட 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவனான புரன் அப்பு கண்டி போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், இன்னொரு கிளர்ச்சிக்காகக் கெப்பெட்டிபொல திசாவையின் தலை வெட்டப்பட்டதும் அங்கேதான். போகம்பறை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம், மறுபடியும் வரும்.

பிறகு சரதியல். மாவனல்லைக்கு அருகே உதுவன்கந்தைக் குன்றில் பதுங்கி, கோப்பிப் பணம் போய்வந்த கண்டி வீதியில் வழிமறித்தவன். அவனோடு நின்றவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அவனைப் பிடிக்கப் போன இடத்தில் 1864 மார்ச் 21ஆம் திகதி சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். பொலிஸ் மாவீரர் தினம் இன்றும் அந்தத் திகதியில் அனுஷ்டிக்கப்படுகிறது. சரதியலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று உதுவன்கந்தையில் சரதியல் பெயரில் ஒரு காட்சிக் கிராமம் இருக்கிறது. சீட்டு வாங்கிப் பார்க்கலாம். குற்றவாளி போதிய அளவு பழசாகிவிட்டால் அவனையும் அழகுக்குள் சேர்த்துக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. புதிய குற்றவாளிக்குத்தான் இடமில்லை.

கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. ஒரு துரைமார் நகரத்துக்கு வேண்டிய பங்களா, குதிரைப் பந்தயத் திடல், 1867இல் வந்து சேர்ந்த ரயில் எல்லாம் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த நகரத்தின் மலக்கூடங்களை யார் சுத்தம் செய்தார்கள் என்பது பற்றி எழுதியவர்கள் குறைவு. உள்ளூரில் எந்தச் சாதியும் தொடாத அந்த வேலைக்குத் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து, குறிப்பாக அருந்ததியரிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். வாளி எடுத்தார்கள், வண்டி தள்ளினார்கள், கான் கழுவினார்கள். குடியிருக்க மஹியாவையில் மயானத்துப் பக்கமாக லயன் கிடைத்தது. நகரத்தின் கழிவும் நகரத்தின் பிணமும் போகிற திசையிலேயே அவற்றைச் சுமந்தவர்களும் வைக்கப்பட்டார்கள்.

அந்த லயன், தோட்டத்து லயனைப் போலவே, வேலையோடு கட்டப்பட்டது. வீடு சபையினுடையது. பிள்ளைகளில் ஒருவராவது சபை வேலைக்குப் போனால்தான் குடும்பத்துக்குக் கூரையில் பிடி இருக்கும். ஆகவே துடைப்பம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது இவர்களும் அதில் அடிபட்டார்கள். நகரத்தின் நடுவே வாழ்ந்தவர்கள் நாட்டுக்கு வெளியே நின்றார்கள். அந்தக் கணக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிந்தது. வாக்கில்லாத இடத்துக்கு அரசியல்வாதி வருவதில்லை. அவர் வராத இடத்துக்குத் தண்ணீர்க் குழாயும் காணி உறுதியும் வருவதில்லை. அரை நூற்றாண்டு இப்படிப் போனது. ஒரு அறையில் மூன்று தலைமுறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் விலாசத்தைக் கேட்டவுடன் மாறுகிற பார்வை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேறு யாருடைய விலாசத்தையோ எழுதும் பழக்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வா, கருணாதிஸ்ஸ அத்துக்கோரளவோடு சேர்ந்து, நகர்ப்புற ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி 1991இலேயே நூல் எழுதினார். பின்னர் 2009இல், சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோரோடு, இலங்கையில் சாதி மறைந்துவிட்டதா அல்லது நாம்தான் பார்க்க மறுக்கிறோமா என்ற கேள்வியோடு இன்னொரு நூல் வந்தது. ஏரிக்கரையிலிருந்து நான்கு மைல் தொலைவில் இருந்த அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்ததை நகர நிர்வாகம் கேட்டதற்கான அடையாளம் அதிகமில்லை.

இந்த மண்ணில்தான் 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் வந்து இறங்கியது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, சுற்றுலா பெருத்தது, சந்தையில் எல்லாப் பண்டமும் வந்தது, தூளும் வந்தது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம் 2 கிராம் ஹெரோயின் வைத்திருப்பதற்கே மரணதண்டனை வரை போனது. 2022இல் ஐஸ் என்ற மெத்தம்பெட்டமினும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் இத்தண்டனை நடைமுறையில் ஆயுட்சிறை.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் வியாபாரம் ஏன் நிற்கவில்லை? தெருவில் விற்பவன் பெரும்பாலும் பாவிப்பவன்தான். தன் பங்குக்கான காசைத் தேட நான்கு பேருக்குப் பிரித்து விற்கிறான். அவன் பிடிபட்டால் அந்த இடம் காலி. மறுநாள் காலை நிரப்ப இன்னொருவன் நிற்கிறான், ஏனென்றால் அவனுக்கும் கடன் இருக்கிறது, நடுக்கம் இருக்கிறது, வேறு வேலை இல்லை. கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தின் காலத்திலும் இதே கதைதான். படகில் சரக்கை இறக்கியவனும், காசை வங்கியில் வெளுத்தவனும் மஹியாவை லயனில் குடியிருப்பதில்லை. மில்லிகிராம் பிடிபடும் இடம் வேறு, கிலோ வந்து சேரும் வழி வேறு.

இதைச் சொல்வதால் அந்தக் குடியிருப்புகளில் துன்பம் இல்லை என்று ஆகாது. தூளால் முதலில் வெந்தவர்கள் அங்குள்ள தாய்மார்தான். வீட்டுப் பாத்திரம் முதல் பிள்ளையின் காதணி வரை போனதைக் கண்டவர்கள், பொலிஸார் வரவேண்டும் என்று கேட்பவர்களும் அவர்களே. அவர்களுடைய ஆத்திரத்தை மதிக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்பது மகனைத் திருப்பித் தரும்படி. கிடைப்பது வேறு.

நகரம் தன் தேவைக்கு ஆட்களை வரவழைத்துவிட்டு, தேவை முடிந்ததும் தெருவில் விட்ட கதை ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களைத் தேசியமயமாக்கியது. கண்டியைச் சுற்றிய பல தோட்டங்கள் ஜனவசம, உசவசம என்ற நிறுவனங்களின் கைக்குப் போயின. 1973, 1974 பஞ்சத்தில் லயன்களில் பட்டினிச் சாவு விழுந்தது; வேலையும் பங்கீட்டு மாவும் இல்லாமல் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டுக் கண்டித் தெருக்களில் கையேந்தின. நூற்றைம்பது ஆண்டு இந்நாட்டின் அந்நியச் செலாவணியைச் சுமந்த கைகள் அவை. 1841இன் சட்டப்படி அவர்களுக்கு இருந்த பெயர் சோம்பேறிகள்.

இனி அந்த மற்ற விலாசப் புத்தகத்தைத் திறப்போம். 1915 வெசாக் இரவில் ஊர்வலம் ஒன்று காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலைக் கடந்தபோது தொடங்கிய கைகலப்பு, சில நாட்களுக்குள் பல மாகாணங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தது. இராணுவச் சட்டம் வந்து, அதன் பெயரில் இன்னும் பலர் சுடப்பட்டார்கள். 1983 ஜூலை 26ஆம் திகதி கண்டியின் கடைவீதிகளில் தமிழர் கடைகள் எரிந்தன. 1989இல் பேராதனையில், பல்கலைக்கழக உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டதன் பின்னே, துண்டிக்கப்பட்ட தலைகள் வளாகக் குளத்தைச் சுற்றி வைக்கப்பட்டன. பாடம் கேட்க வந்த மாணவர்கள் அவற்றைக் கண்டார்கள். 1998 ஜனவரியில் புலிகளின் குண்டு லொறி தலதா மாளிகை வாசலில் வெடித்து வழிபட வந்தவர்களும் சிறு பிள்ளைகளும் மாண்டார்கள். 2018இல் தெல்தெனியாவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி மருத்துவமனையில் இறக்க, திகன, கெங்கல்ல, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் நான்கைந்து நாட்கள் எரிந்தன. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தன் தளம் அந்த வெறுப்பைப் பரப்பப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் சொன்ன வருத்தத்தைக் கண்டியின் பெரியவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்?

இவற்றைச் செய்தவர்கள் ஒரே வகையினர் அல்லர். ஒரே காரணமும் அல்ல. ஆனாலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. 1998இன் குண்டு ஒன்றைத் தவிர, இவற்றில் எதற்கும் நகரத்தின் நினைவில் உரிய இடமில்லை. அந்த ஒன்று நினைவிலிருப்பதும் சரியே. மாளிகையை மிக விரைவில் செப்பனிட்டதும் பெருமைக்குரியதே. மற்றவை சுற்றுலாக் கையேட்டில் மட்டுமா இல்லை? பாடப்புத்தகத்திலும் வீட்டுப் பேச்சிலும் இல்லை. கூட்டமாகச் செய்த குற்றத்துக்குக் குற்றவாளி இல்லை என்பது இந்த ஊரின் எழுதாத சட்டம். தனியாகச் செய்த சிறு குற்றத்துக்கு மட்டும் புகைப்படம் உண்டு.

அழகைக் காக்க கண்டி கண்டுபிடித்த வழி எப்போதும் ஒன்றுதான்: கண்ணுக்கு அப்பால் நகர்த்துவது. குப்பை கொஹாகொடைக்குப் போனது. அங்கே மகாவலிக் கரையில் மலையாகி, அதன் கசிவுநீர் ஆற்றில் கலக்கிறது. சிறையும் நகர்ந்தது. தலைகள் வெட்டப்பட்ட அதே போகம்பறையில் 1876இல் கட்டிய சிறைச்சாலை, பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் அருகே ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. நகரத்துக்கு வந்தவர் எவரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் போனதில்லை. 2014 தொடக்கத்தில் அது மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு அனுப்பப்பட்டார்கள். வெறுமையான கட்டடத்தை உல்லாசப் பயணிகளுக்கான இடமாக மாற்றும் திட்டங்கள் அதன்பின் வந்தன. சிறை பழசாகிவிட்டது, ஆகவே அழகாகிவிட்டது. பல்லேகலையில் நெருக்கியடித்துக் கிடப்பவர்களைப் பார்க்க எந்தப் பயணியும் போவதில்லை; அவர்களைப் பார்க்கப் போகும் தாய்க்குத்தான் இரண்டு பஸ் மாறவேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடளாவிய வேட்டை தொடங்கியபோது ஒரு சில வாரங்களில் பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் அதை நிறுத்தி மீளாய்வு செய்யக் கோரினார்கள். ஏழைக் குடியிருப்புகளில் நாயோடு நுழைந்து தேடும் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. 1841இல் ‘திருத்த முடியாத போக்கிரி’ என்று எழுதிய கை, புதிய சீருடையில் அதே வேலையைச் செய்தது.

அப்படியானால் என்ன செய்வது? புதிய சட்டம் எதுவும் வேண்டாம். சில பழைய காரியங்களை முடிக்க வேண்டும். நகரச் சுத்தித் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் மண்ணின் உறுதியைத் தொழிலோடு பிணைக்காமல் அவர்கள் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். உறுதியற்றவனைக் கள்ளன் என்று சொன்ன 1840இன் கணக்கை அந்த அளவுக்காவது தீர்க்கலாம். 1841இன் சட்டத்துக்கு நமது நூல்களில் இனி இடமிருக்கக் கூடாது. தூளுக்கு அடிமையானவனை வைத்திய நிலையத்துக்கு அனுப்பும் வசதி, அவனை விளக்கமறியலுக்கு அனுப்பும் வசதியளவுக்காவது இந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும். பெரஹெரா ஊர்வலம் போன வீதியில் சாணமும் குப்பையும் விடிவதற்குள் காணாமற் போகிறதே, அதைச் செய்பவர்களின் பிள்ளைகள் நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலைகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று மாநகர சபை ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும். அந்த எண்ணிக்கை உயராதவரை வேட்டைகளால் ஆவது ஒன்றுமில்லை.

அதோடு இன்னொன்று. காசல் ஹில் வீதியிலும் பேராதனை வீதியிலும் வளாகக் குளத்தருகிலும் திகனையிலும் நடந்ததைச் சொல்லும் ஒரு பலகையாவது நடப்பட வேண்டும். மூன்று மொழியிலும். பழி தீர்க்க அல்ல. குற்றம் என்றால் என்ன என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரிய அளவில் தெரிந்துகொள்வதற்கு. கடைவீதியை எரித்ததும் குற்றம், தலைகளை வரிசையாக வைத்ததும் குற்றம், ஐந்து தலைமுறையை மயானத்தோரம் ஒதுக்கி வைத்ததும் குற்றம் என்று தெரிந்த நகரம்தான், மில்லிகிராம் பொட்டலத்தோடு நிற்கும் பையனை அவனுக்குரிய அளவில் பார்க்கும். அதுவரை மஹியாவை என்ற விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் செய்தியாளரும், வாசகரும், நாமும் பாதி விசாரணையிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.